மாப்பிள்ளையிடம் சொல்லாத இடம்

போன செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் என் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாஷிமா, ரத்தம் எப்போதிலிருந்து போகிறது?"

பெங்காலியில் அம்மா வயதுக்காரிகளை மாஷிமா என்பார்கள். அவர் கேட்டதை மாப்பிள்ளை தமிழில் சொன்னார். நான் தலையே நிமிரவில்லை...

வாராவாரம் இந்தப் பக்கத்தில் சாம்பாரும் பக்கத்து வீட்டுச் சண்டையும் எழுதுகிறவள், இந்த வாரம் இதை எழுதுகிறேன். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

எனக்கு மலம் போகிற இடத்தில் ரத்தம். சின்னதாக ஒரு கட்டி வேறு. மூலம் என்று நானே பெயர் வைத்துவிட்டேன். ஐந்தாம் கிளாஸ் படிப்புக்கு அவ்வளவுதான் எட்டியது.

கல்கத்தா ஜாதவ்பூரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். எங்கள் தெரு டாக்டருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்தது காய்கறி வாங்குகிற பெங்காலி. மகள் டீச்சர், சனிக்கிழமையும் ஸ்கூல். ஆகவே கூட வந்து பேசுகிறவர் மாப்பிள்ளை. அவர் எதிரே நாற்காலியில்கூட உட்கார மாட்டேன். அவரிடம் போய் இந்த இடத்தைச் சொல்வதா?

"வயித்து வலின்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து கேஸ் மாத்திரை கொடுத்தார். எட்டு மாதம் முழுங்கினேன். மகளிடமாவது சொல்லக் கூடாதா என்கிறீர்களா? அவள் யாரிடம் சொல்வாள்? அவரிடம்தானே!

கடைசியில் காளிகாட்டில் டிராமை விட்டு இறங்கும்போது புடவையில் கறை. மகள் பார்த்துவிட்டாள். அப்புறம்தான் சதை எடுத்துப் பார்த்தது, ஸ்கேன் எல்லாம்.

மூலம் இல்லையாம். தோலில் வருகிற கறுப்புப் புற்றுநோய் – அந்த இடத்தில் வருவது ரொம்ப அபூர்வமாம். பெரிய டாக்டரே இரண்டாவது தடவைதான் பார்க்கிறாராம்.

"அத்தை, டாக்டர் கேக்கறார்..." என்று மாப்பிள்ளை மறுபடி கேட்டார்.

"போன துர்கா பூஜைக்கு முன்னாடியே" என்றேன்.

மாப்பிள்ளை அதை டாக்டருக்குச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க தரையில உக்காராம நின்னுக்கிட்டே சாப்பிடறதை அப்பவே பாத்தேன் அத்தை. மூலமா இருக்கும்னு தோணிச்சு. மாமியார்கிட்ட இதைப் போய் எப்படிக் கேக்கறதுன்னு..."

ஆபரேஷன் செய்து அந்த வழியை மூடி, மலம் போக வயிற்றில் பை வைப்பார்களாம். ரத்தம் நிற்கும், வலி குறையும். ஆனால் ஈரலுக்குப் பரவிவிட்டதை எடுக்க முடியாதாம்.

"எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று மாப்பிள்ளை பெங்காலியில் கேட்டார். அது எனக்கே புரிந்தது. டாக்டர் அட்மிஷன் தேதியை எழுதினார்.

உங்களுக்கும் சொல்ல முடியாத இடத்தில் வலி இருக்கிறதா? யார் எதிரே இருந்தாலும் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு ஒரு நிமிஷம்தான் கூச்சமாக இருந்தது.

அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் எட்டு மாதம் பயந்திருக்கிறேன்!