கஞ்சி போட்ட காற்றுக்கொடி

தூரத்துப் பலகையைத் துவக்கால் சுடுகிறவருக்குக் குறி தப்பினால் பழி காற்றின் மேல். காற்றைத் திட்ட முடியாததால் திட்டு காற்றுச் சொல்கிறவன் மேல். உலக யுத்தக் காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கடற்படைச் சுடும் திடலில், அந்தக் காற்றுச் சொல்கிறவன் நான்தான். மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிப் பழகியவர்கள் எல்லாரும் என் பக்கத்தில் வந்து உட்காரலாம்.

வேலை கிடைத்தது

"காற்றுப் பார்க்கத் தெரியுமா?" என்று திடலுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரக் கப்டன் துரை ஆங்கிலத்தில் கேட்டார். அதுவரை புடவைக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவன் நான். துணிந்து தலையாட்டினேன். இப்போதைக்குத் தற்காலிகம், கப்பல் அணிகளுக்கிடையிலான சுடும் போட்டி ஒழுங்காக நடந்தால் நிரந்தரம் என்றார். என்னோடு வேலை செய்த அந்தோனி பக்கத்துக் கடலோர ஊரான இறக்கக்கண்டிக்காரன், என் வயதுதான், கடற்காற்றிலே வளர்ந்தவன். முதல்நாளே என் பொய்யைப் பிடித்துவிட்டான்.

"மச்சான், உனக்குக் காத்துப் பாக்கத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும். துரைக்குத் தெரியாமல் பாத்துக்கொள்ளுவம்."

நனைத்த விரல்

இளம் அதிகாரி ஒருவர் என் பேச்சை மதிக்கமாட்டார். விரலை நக்கி உயர்த்திப் பிடித்து, காற்றே இல்லை என்பார். அவர் படுத்திருந்த இடத்துக்கு மண்மேடு மறைப்பு. நடுத்திடலிலோ கச்சான் காற்று இடப்பக்கமிருந்து பிய்த்துக்கொண்டு போனது. அவருடைய குண்டு பக்கத்துக்காரரின் பலகையில் போய் விழுந்தது. கோபத்தோடு வந்தவருக்கு அந்தோனி சொன்னதை, முடிந்தவரை மரியாதை சேர்த்து மொழிபெயர்த்தேன்.

"துரை, உங்கட விரலில பட்டது உங்கட காத்து. குண்டு அறுநூறு யார் தூரம் போகுது, அதுக்கு வேற காத்து."

போட்டி நாள்

பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும், திடலில் காற்றுக் காட்ட நட்டிருந்த கொடிகளைப் பார்த்தேன். ஒரே புழுதி, காக்கை எச்சம். வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி செல்லம் தோய்த்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தந்தாள். விடிந்ததும் நட்டுவிட்டு, அழகு பார்த்து நின்றேன்.

முதல் அணி சுட்டது. போட்டியில் காற்றைக் கொடிதான் சொல்லவேண்டும், குறிப்பலகைகளுக்குக் கீழே குழிக்குள் இருந்து குண்டு பட்ட இடம் பார்ப்பதே எங்கள் வேலை. ஒன்றும் புரியவில்லை. அத்தனை குண்டும் இடப்பக்க ஓரத்தில். அண்ணாந்து பார்த்தேன். பனையோலை அசையவில்லை, குழிக்கு மேலே என் கொடி மட்டும் புயலில் நிற்பதுபோல விறைத்து நின்றது. அதை நம்பி, பலத்த கச்சான் என்று எல்லாரும் இடப்பக்கம் தள்ளிச் சுட்டிருக்கிறார்கள்!

வாய் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் அடுத்த அணியும் பாழ். தொலைபேசியை எடுத்து, "ஐயா, கொடிகளுக்குக் கஞ்சி போட்டாயிற்று" என்றேன். மறுமுனையிலிருந்த கப்டன் துரை சூட்டை நிறுத்தினார். அந்தோனி தான் இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்து ஒவ்வொரு கம்பத்திலும் கட்டினான். அது தொங்கவேண்டிய மாதிரித் தொங்கியது. போட்டி முதலிலிருந்து நடந்தது.

மாலையில் கப்டன் துரை கூப்பிட்டார். பெட்டி கட்டும் எண்ணத்தோடு போனேன். விறைத்த கொடி ஒன்றை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மை சொல்கிறவன் காற்றுப் பார்க்கலாம், நீ நிரந்தரமாக இரு. இனிக் கொடிகள் உன் வீட்டுக்குப் போகக் கூடாது. என் சட்டைகள் போகலாம்."

அன்றிலிருந்து யுத்தம் முடியும்வரை காற்று என் பொறுப்பு, துரையின் சட்டைகள் செல்லத்தின் பொறுப்பு. ஒரு நாளும் ஏச்சு வாங்காதவள் அவள்தான்.