பிலோமினாவுக்கு நான் கொடுத்த வேடம்

நிறைந்த மண்டபத்தில், பெற்ற தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க, பிலோமினாவை மண்டியிட வைத்தவள் நான். ஆசிரியை அல்ல, வேறு எவரும் அல்ல, நான்! அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. இப்போது நாற்பதை நெருங்குகிறேன். இடையில் ஒருவரிடமும் இதைச் சொன்னதில்லை. என் கணவரிடங்கூட...

சிறுபிள்ளை விளையாட்டு என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். எண்ணியிருந்தேன் என்பதுகூடப் பொய். நான் அதை எண்ணவே இல்லை. சென்ற வருடம் அந்தப் பழைய புத்தகத்தை மீண்டும் வாசித்திராவிட்டால் இன்றும் எண்ணியிருக்கமாட்டேன்.

அது ஒரு விஞ்ஞானக் கதை. கடற்படைத் துறைமுகத்தில் கணக்கெழுதும் இலிகிதராக இருந்த என் அப்பாவுக்கு, இந்தியாவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் கொடுத்தது. எங்கள் கைக்கு வந்தபோதே அட்டையும் முதற் பக்கங்களும் போய்விட்டன. தலைப்பும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. ஐந்து பேர் ஆகாயக் கப்பலேறிச் சுக்கிரனுக்குப் போகிறார்கள். அங்கே கொடி நாட்டுகிறார்கள். அதைத்தான் நானும் பிலோமினாவும் எத்தனை தடவை வாசித்திருப்போம்!

பிலோமினாவின் தகப்பனார் அதே துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். பாடசாலை விட்டதும் நாங்கள் இருவரும் டச்சுக்குடாக் கடற்கரையில் குந்தியிருந்து வாசிப்போம். அவள் என்னைவிட வேகமாக வாசிப்பாள். பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டு, நான் முடிக்கும்வரை விரலால் தாளின் மூலையைத் தட்டிக்கொண்டே இருப்பாள். கப்பலில் ஒரே ஒரு பெண் இருந்தாள். அவள் கப்டனுக்குத் தேநீர் ஊற்றுவாள், ஆபத்து வந்தால் மயங்கி விழுவாள். எங்கள் இருவருக்கும் அவள் வேண்டாம். இருவருமே கப்டன்!

வெள்ளைக்காரரின் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பாடசாலைக் கலைவிழாவுக்கு அந்தக் கதையை நான் நாடகமாக எழுதினேன். "எழுதின நீயே ஆட்களைத் தெரிவு செய்" என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

கப்டன் சுக்கிரனில் இறங்கியதும் பேசும் நீண்ட வசனம் ஒன்று உண்டு. ஆட்களைத் தெரிவு செய்த அன்று பிலோமினா தாளே இல்லாமல் வந்து நின்று அதைப் பேசினாள். வகுப்பே மூச்சடங்கிப் போயிற்று. நான் பேசியபோது இரண்டு இடத்தில் தடுக்கினேன்.

அவள் என்னைவிட நன்றாகப் பேசினாள். இதுதான் உண்மை. இத்தனை ஆண்டுகளில் இதை முதன்முதலாக எழுதுகிறேன்.

கதையில் சுக்கிரவாசிகள் வருவார்கள். கறுத்துக் குள்ளமானவர்கள், பெயரில்லாதவர்கள், கப்டனின் பெட்டிகளைத் தலையில் சுமந்து, அவர் காலடியில் மண்டியிடுபவர்கள். நடிக்கும் பிள்ளைகளுக்குக் கரி பூசுவதென்று ஏற்பாடு.

"பிலோமினா குள்ளனாய் வரட்டும்" என்றேன். "அவளுக்குக் கரி பூசத் தேவையில்லை."

வகுப்பு சிரித்தது. டீச்சருங்கூடச் சிரித்தார். பிலோமினா என்னைப் பார்த்தாள். அதுவரை அந்தக் கதைக்குள் அவளும் என்னைப் போலக் கப்பலில்தான் இருந்தாள். அவளை இறக்கி வெளியே விட்டவள் நான்.

அவள் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை? மறுத்திருந்தால் நான் விட்டிருப்பேனா?

விழாவன்று அவளுடைய தகப்பனார் வேலை முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மகள் என் பெட்டியைத் தலையில் சுமந்து வந்து, என் முன்னால் மண்டியிட்டு, நெற்றி நிலத்தில் பட வணங்கியதை அவர் பார்த்தார். கைதட்டல் முடிந்த பிறகு மேடைப் பக்கமாக வந்தார். கப்டனின் தொப்பியோடு நின்றிருந்த என்னிடம்தான் கேட்டார்.

"பிள்ளை, தான் கப்டனாய் வாறன் எண்டெல்லோ அவள் வீட்டிலை சொன்னவள்?"

"அது அவளுக்குப் பொருந்தாது" என்றேன். மாமா என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

"ஓம்... ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மகளின் கையிலிருந்த பெட்டியை வாங்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவளுக்குப் பாடசாலையில் 'குள்ளி' என்று பெயர். நான் ஒருநாளும் அப்படி அழைக்கவில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டதுண்டு. அழைத்தவர்களை ஒருநாளாவது தடுத்தேனா? இல்லை! அடுத்த வருடம் அவள் பாடசாலைக்கு வரவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

சென்ற வருடம் அப்பா காலமானார். லிங்கநகர் வீட்டில் அவருடைய அலுமாரியை ஒதுக்கியபோது புத்தகம் அகப்பட்டது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு! என் மகள் சுகந்திக்குப் பதினொரு வயது. பின்னேரங்களில் அவளைப் பக்கத்தில் இருத்தி உரக்க வாசிக்கத் தொடங்கினேன்.

கப்பல் சுக்கிரனில் இறங்கும்வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. பிறகு... அந்த வரிகள்! அந்த மக்களுக்குச் சிந்திக்கத் தெரியாதாம், சுமப்பதற்கென்றே பிறந்தவர்களாம். அந்த வரிகளைத் தாண்டி அடுத்த பந்திக்குப் போனேன். பிறகு ஒரு பக்கத்தையே தாண்டினேன்.

"அம்மா, நீங்கள் வரி விட்டு விட்டு வாசிக்கிறீங்கள்" என்றாள் சுகந்தி.

"எழுத்து அழிஞ்சு போச்சு மகள்."

எழுத்து பளிச்சென்று இருந்தது.

மறுநாள் தனியாக இருந்து முழுவதையும் வாசித்தேன். எழுதிய மனிதர்மேல் கோபம் வந்தது. அந்தக் காலம் அப்படி, அவர் மனமும் அப்படி என்று சொல்லிப் பார்த்தேன். எத்தனை வசதியான கோபம்! கரி பூசத் தேவையில்லை என்ற வரி அந்தப் புத்தகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அது என் சொந்த வசனம்.

பலரிடம் விசாரித்ததில், பிலோமினா இறக்கக்கண்டிக் கிராமத்தில் ஒரு மீனவரைக் கட்டி இருக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். புத்தகம் என் பையில் இருந்தது. சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு போனேன். ஒரே ஒரு வசனந்தான்.

முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னை உடனே அடையாளங்கண்டாள்.

"வாங்கோ, வாங்கோ! கதிரையில இருங்கோ. எப்பிடி இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

வாங்கோ! வா போ என்று கதைத்தவள், என்னை மரியாதை கொடுத்துக் கூப்பிட்டாள். அவளுடைய மகள், சுகந்தியின் வயதுதான் இருக்கும், தேநீர் கொண்டுவந்தாள்.

"உவதான் அந்த நாடகம் எழுதினவ" என்று மகளுக்கு என்னைக் காட்டினாள் பிலோமினா. பிறகு எழுந்து நின்று, கருவாட்டுக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, கப்டனின் வசனத்தை முழுவதும் பேசினாள். ஒரு சொல் தவறவில்லை! மகள் வாயில் கைவைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"அப்பாதான் அண்டைக்கு மனம் நொந்து போனவர்" என்றாள், மறுபடி இருந்துகொண்டு. "சாகுமட்டும் பிறகு ஒரு நாடகமும் பார்க்கப் போகேல்லை. எனக்கெண்டா..."

அவள் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். காத்திருந்தாள். அந்த ஒரு வசனத்தைச் சொல்லவேண்டிய இடம் அதுதான்.

"கொஞ்சம் தண்ணி தாறியா?" என்று கேட்டேன்.

தண்ணீரோடு திரும்பி வந்தபோது அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

"இவளுக்குப் புத்தகமெண்டா உயிர். வாங்கிக் குடுக்க ஏலாது எங்களாலை. அந்தப் புத்தகம் இன்னும் வைச்சிருக்கிறீங்களோ?"

பை என் மடியில் இருந்தது.

"இல்லை... எப்பவோ துலைஞ்சு போச்சு."

"ஐயோ! தேடிப் பாருங்கோவன். கிடைச்சா அனுப்பி விடுங்கோ."

"ஓம், பாக்கிறன்" என்றேன். அவளுடைய மகள் கேட்டதற்கு என் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பிள்ளை அவ்வரிகளை வாசித்து மனம் நோகக்கூடாது என்றுதான் ஒளித்தேன் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் நம்புகிறீர்களா? வாசித்தால், தன் தாய் அந்த நாடகத்தில் யாராக வந்தாள் என்று அவள் கேட்பாள். யார் அந்த வேடத்தைக் கொடுத்தது என்றும் கேட்பாள். எனக்கு அதுதான் பயம். அதை வாசிப்பதா, வாசித்துவிட்டுத் தூக்கி எறிவதா என்பதை அவர்களல்லவா தீர்மானிக்க வேண்டும்? மறுபடியும் அவர்களுக்காக நானே தீர்மானித்துவிட்டேன்!

இரண்டு மாதம் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. உருண்டை உருண்டையான எழுத்து. 'அன்புள்ள அன்ரி, சுக்கிரனுக்குப் போன புத்தகம் கிடைத்துவிட்டதா? அம்மா கதையைப் பாதிவரை சொல்லியிருக்கிறா. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் மறந்துபோச்சு என்கிறா.'

பிலோமினாவா மறந்தாள்?

தபாலட்டை என் மேசையில் கிடக்கிறது. தினமும் பேனாவை எடுக்கிறேன். 'அன்புள்ள மகளுக்கு' என்று எழுதுகிறேன்... அதற்குமேல் இன்றுவரை ஒரு வரியும் எழுதவில்லை.