கால் வெட்டிய மேளம்

கடல் வந்து போனதில் கூத்துப் பழக்கும் தேற்றாத்தீவு நல்லரத்தினம் அண்ணாவியாருக்கு வீடு போனது, தோணி போனது, பல்லிலும் இரண்டு போனது. அதற்கெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. மத்தளம் போனதைத்தான் முகாம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லாமல் என்ன செய்வார்? கடலுக்கு முன்னும் பின்னுமாக எட்டு மாதம் பழக்கிய கூத்து. ஆட்டக்காரரில் தப்பியவர்கள் பதினொரு பேர். சித்திரையில் அரங்கேற்றம் என்று அம்மனிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. மத்தளம் இல்லாமல் கூத்து ஏது?

மண்டூரில் கேட்டால் இரவல் கிடைத்திருக்கும். ஆனால் அந்த மத்தளத்தைத் தகரப்பேணி என்று ஒருமுறை சொன்ன வாய் இவருடையது. அதே வாயால் எப்படிக் கேட்பது? சண்டைக் காலத்தில் சத்தம் கேட்கக்கூடாதென்று தன் தொடையில் தட்டியே ஆட்டம் பழக்கிய மனிதர். அந்தப் பிடிவாதம் கடலோடு போகவில்லை.

ஒருநாள் வெளிநாட்டு நிறுவனமொன்றின் வாகனம் வந்தது. வலை தருவார்கள் என்று ஆண்களெல்லாம் ஓடினார்கள். இறங்கியது இரண்டு ஆபிரிக்க மேளம். மனக்கவலை தீர வட்டமாக இருந்து அடிக்கவேண்டுமாம். நிறுவனத்தில் வேலை செய்யும் ஆர்த்திகா விளங்கப்படுத்தினாள். மேலே தோல், நடுவே ஒடுங்கிய இடுப்பு, கீழே விரிந்த கால். அண்ணாவியாரின் மனைவி ஆச்சிப்பிள்ளை சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இந்த உரலுக்கு ஆருகா தோல் போட்டது? நெல்லை எதுக்குள்ள போடுற?”

“அது மேளம் அம்மா.”

“ஒத்தப் பக்கம் மட்டுமா? அப்ப எங்கட மனிசனுக்குச் சரி. அவருக்கும் காது ஒரு பக்கந்தான் கேக்கும், அதுவும் நான் பேசாத பக்கம்.”

அண்ணாவியார் தட்டிப் பார்த்தார். நல்ல குரல்தான். ஆனால் கூத்துக்கு இரண்டு முகம் வேண்டும். ஆடுகிறவனோடு மத்தளமும் வட்டக் களரியைச் சுற்றி நடக்கவேண்டும். இரண்டு நாள் சோறு இறங்காமல் அந்த மேளங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இரண்டையும் தூக்கிக்கொண்டு மட்டக்களப்புக்குப் பஸ் ஏறி, பறங்கித் தச்சர் சார்ள்ஸிடம் போனார்.

“ரெண்டுக்கும் காலை வெட்டி, இடுப்போட இடுப்பை ஒட்டித் தா மச்சான்.”

“விசரா உனக்கு? குடுத்தவன் வந்து கேட்டா?”

“அடிக்கத்தானே குடுத்தான். நானும் அடிக்கத்தானே கேக்கன்.”

சார்ள்ஸ் ஒருதரம் சிலுவை போட்டுக்கொண்டு மரம் அறுக்கும் வாளை எடுத்தார். அறுத்து, ஒட்டி, இரும்புப் பட்டி அடித்து இறுக்கினார். பிறகு வயலினை எடுத்துத் தங்கள் கலியாணங்களில் வாசிக்கும் கபரிஞ்ஞா மெட்டொன்றை இழுத்தார். அண்ணாவியார் அதற்குக் கூத்துத் தாளம் போட்டார். பொருந்தியது. பொருந்தாது என்று சொல்ல அங்கே படித்தவர் யாரும் இருக்கவில்லை.

அரங்கேற்ற நாள் பின்னேரம் அதே வாகனம் மறுபடி வந்தது. ஆர்த்திகாவோடு, மேளம் பழக்கவென்று செனகல் நாட்டுக் கலைஞர் ஒருவர். அறுத்த இரண்டு கால்களின் மேலும் ஆச்சிப்பிள்ளை தண்ணீர்க்குடம் வைத்திருந்ததை அவர்தான் முதலில் கண்டார்.

ஆர்த்திகாவின் முகம் வெளிறியது. “என்ன வேலை செஞ்சிரிக்கீங்க ஐயா? என்ட வேலைதான் போகப்போகுது.”

வந்தவர் அறுத்த இடத்தைத் தடவிப் பார்த்து ஏதோ சொன்னார்.

“காலில்லாத மேளம் எப்பிடி நிக்கும் எண்டு கேக்காரு.”

“நிக்கிறதுக்கா மேளம் செய்யிற? கால் வேணுமெண்டா என்ட ரெண்டும் இரிக்கி எண்டு சொல்லு புள்ள.”

சொல்லிவிட்டு, பறித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அப்போதே மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு களரிக்குள் இறங்கிவிட்டார். சல்லரித் தாளம் ஒலித்தது. வெள்ளைச் சீலைக்குப் பின்னால் கட்டியகாரன் தயார். அண்ணாவியார் அடித்தார். வலப்பக்கம் கணீரென்றது, இடப்பக்கம் ‘பொத்’ என்றது. வாவிக் காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவர் கயிற்றை இழுத்தார். அந்த முடிச்சு அவருக்குப் பிடிபடவில்லை. சீலைக்குப் பின்னால் கால்கள் தடுமாறின.

செனகல்காரர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் களரிக்குள் வந்தார். அண்ணாவியார் இடுப்பில் கட்டிய மத்தளத்தை இன்னொருவர் தொட்டதே இல்லை.

அண்ணாவியார் அந்த வெறுங்காலைப் பார்த்தார். பிறகு இடப்பக்கத்தை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

வந்தவர் கயிற்றைப் பின்னி இழுத்தார். தட்டினார். இன்னும் இழுத்தார். தோல் ‘கும்’ என்றது.

“புள்ள, அந்த மனிசனை அங்கால அனுப்பாத,” என்றார் அண்ணாவியார். “சல்லரிக்காரனுக்குப் பக்கத்தில இரிக்கட்டும். திரும்பத் தளர்ந்தா நான் ஆரைத் தேடுற?”

கட்டியகாரன் சீலையை விலக்கிக்கொண்டு துள்ளி வந்தான்.