ஸ்டோர்கீப்பரின் மைசூர்

1992-ஆம் ஆண்டு ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மழை இல்லை. இரவின் குளிர் இன்னும் தரையை விட்டுப் போகாத இளம் வெயில். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்த நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் மைசூர் அரண்மனை வாசலில் நின்றோம். செருப்புகளைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். யாரும் கழற்றவில்லை. எல்லோரும் ஒரே மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கள் மில்லின் ஸ்டோர்கீப்பர். வாலிபத்தில் இரண்டு வருஷம் மைசூரில் இருந்தவர். எந்தப் பக்கம் போவது, எதை முதலில் பார்ப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவரோ அரண்மனையின் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தபடி, தோள்துண்டின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

அந்த நூற்பாலையில் நான் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். ஷிப்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று எண்ணுவது என் வேலை. வேலை பழக்கமாகி, பழக்கம் நோயாகிவிட்டது. சோற்றுத் தட்டில் கிடக்கும் முருங்கைக்காய்த் துண்டுகளைக்கூட எண்ணாமல் என்னால் சாப்பிட முடியாது. கதவைப் பூட்டினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். இப்படிப்பட்டவனுடன் யார் பழகுவார்கள்? மனைவி 1983-இல் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. மதியச் சாப்பாடு ஒரு மெஸ்ஸிலிருந்து வரும். அதை நடத்திய அம்மா தெலுங்கில் யாரையாவது திட்டிக்கொண்டே தூக்குச்சட்டியில் சோற்றை அடைப்பார். அந்தச் சாப்பாட்டை ஸ்டோர்கீப்பருடன் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் தம்பி என்பார். "இது என்ன கொழம்பா, கை கழுவுன தண்ணியா தம்பி?" என்று கேட்டு, தன் வீட்டுக் கத்தரிக்காய்ப் பொரியலில் பாதியை என் பக்கம் தள்ளுவார். ஒரு நாளில் மில் சம்பந்தமில்லாமல் ஒரு மனிதக் குரல் என்னிடம் பேசியது அந்த அரைமணி நேரத்தில்தான்.

அவர் பேசியது பெரும்பாலும் மைசூரைப் பற்றி. அங்கே ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதியதாகவும், முதலாளியோடு அரண்மனைக்குள் போய்வந்ததாகவும் சொல்வார். "தூணு ஒவ்வொண்ணும் எம்புட்டுப் பருமன்ங்கீய! நாலு பேரு கைகோத்தாத்தான் கட்டிப் பிடிக்கலாம். கன்னத்த வச்சா ஐஸு மாதிரி இருக்கும். மேல பூராம் சுண்ணாம்புச் சுதை வேலைப்பாடு. எட்டாத ஒசரத்துல புறா கத்திக்கிட்டே கெடக்கும்." எனக்கு மிகவும் பிடித்தது டவாலியின் கதை. மார்பில் சிவப்புப் பட்டை போட்ட சேவகன் ஒருவன் வெளியே வந்து, உள்ளே போக வேண்டியவனின் பெயரை நீட்டி மூன்று தடவை கூப்பிடுவானாம். "மூணாந் தடவைக்குள்ள வந்துரணும் தம்பி. வரலைன்னா அம்புட்டுத்தான், அவனுக்கு அன்னைக்கு நாள் போச்சு." அந்தக் கூப்பாட்டை அவர் செய்துகாட்டும்போது ஸ்டோர் ரூமின் தகரக் கூரை அதிரும். பஞ்சு பறக்கும் அந்த அறையில், சாப்பிட்ட கை காயக் காய, நான் ஒரு ராஜ சபைக்கு வெளியே காத்திருப்பேன்.

1992 மார்ச்சில் அவருக்கு ஓய்வு. அதற்கு முன் பொங்கல் விடுமுறையில் மில்லில் சிலர் சேர்ந்து ஒரு டூர் பஸ் பிடித்தார்கள். சமையல்காரரும் பாத்திரங்களும் பஸ்ஸிலேயே வரும். மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம், பிருந்தாவனம் என்று கேட்டதும் நான் இரண்டு சீட்டுக்குப் பணம் கட்டினேன். ஓய்வு பெறுகிறவருக்கு மோதிரமும் கடிகாரமும் மற்றவர்கள் கொடுப்பார்கள். நான் அவருடைய ஊரைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். சொன்னதும் அவர் முகம் மலரவில்லை. "முட்டுவலி இருக்குல்லா தம்பி" என்றார். மறுநாள், மகள் வருகிறாள் என்றார். அதற்கு மறுநாள், அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளாது என்றார். நான் செலவு செய்வதில் அவருக்குச் சங்கடம் என்று எடுத்துக்கொண்டு, கட்டிய பணம் திரும்பாது என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

பஸ் வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டது. விடிகிற நேரத்தில் திம்பம் மலை ஏறினோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன், அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிலர் வழி கேட்டபோது, "இந்தப் பக்கம் நான் வந்தது கெடையாது" என்றார். பிருந்தாவனத்திலும் அதையே சொன்னார். ஆனால் அரண்மனை வாசலில் அதைச் சொல்ல முடியாது.

கடைசியில் நானே செருப்பைக் கழற்றினேன், கூட்டம் கழற்றியது. உள்ளே போனதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தூண்கள் பருமனாக இல்லை. வண்ணம் பூசி, தங்கம் பூசி, கண்ணாடி விதானத்தின் கீழ் மினுங்கிக்கொண்டிருந்தன. தொடக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தது. எங்கும் வெளிச்சம். புறாக்களுக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்டோர்கீப்பர், திருவிழாவில் கைவிட்டுப்போன பிள்ளையைப் போல, மேலேயும் பக்கவாட்டிலும் பார்த்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் வந்தார். எங்களோடு வந்த மெஷின் பிட்டர் ஒருவன், வாயாடி, திரும்பிப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான்: "என்ன அண்ணாச்சி, ரெண்டு வருசம் இருந்தீயளே, ஐஸு தூணு எங்க? மூணு தடவ பேரு கூப்புடுத டவாலி எங்க? பொங்கலுக்கு லீவுல போயிட்டானோ?"

நாற்பது பேரும் சிரிக்கத் தயாராகத் திரும்பினார்கள். நான் சபையில் பேசுகிறவன் இல்லை. ஆனாலும் சொன்னேன்: "ஏலே, அவிய இருந்தது ராஜா இருந்த காலத்துல. இப்ப ராஜாவே இல்ல, டவாலி மட்டும் யாருக்குலே நிப்பான்?" சிரிப்பு பிட்டர் மேல் திரும்பியது. கூட்டம் நகர்ந்தது. ஸ்டோர்கீப்பர் மட்டும் நகரவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். காப்பாற்றப்பட்டவரின் பார்வை இல்லை அது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாலையில் அரண்மனைக்கு விளக்குப் போடுவார்கள். எல்லோரும் இடம் பிடிக்க முன்னால் போனார்கள். நாங்கள் இருவரும் பின்னால் தரையில் உட்கார்ந்தோம். அவராகவே சொன்னார்.

"தம்பி, இந்த ஊர நான் முந்தாநாளு வர பாத்ததில்ல. எங்க அண்ணனுக்கும் எனக்கும் கெணத்துப் பங்கு கேசு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அந்த நாயக்கர் மஹாலுக்குள்ளதான் கோர்ட்டு. ரெண்டு வருசம் அந்தத் தூணுலதான் சாஞ்சு கெடந்தேன். பொறவு மில்லுக்கு வேல கேட்டு வந்தா, ரெண்டு வருசமா எங்கய்யா இருந்தேன்னு மானேஜர் கேக்காரு. கூடப்பொறந்தவன கோர்ட்டுக்கு இழுத்தவன்னு சொன்னா எவன் வேல குடுப்பான்? மைசூர்ல இருந்தேன்னு வாயில வந்துட்டு. அரமன எப்படி இருக்கும்னாரு. எனக்குத் தெரிஞ்ச அரமன அது ஒண்ணுதான."

சிவப்புப் பட்டைச் சேவகன் கோர்ட் டவாலி. மூன்று தடவை அவன் கூப்பிட்டது வாதியையும் பிரதிவாதியையும். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக வேறொன்றும் வந்தது. பரவாயில்லை அண்ணாச்சி, எந்த ஊராக இருந்தால் என்ன, நாளைக்கும் சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நொடியில் அத்தனை பல்புகளும் ஒன்றாக எரிந்தன. ஜனங்கள் 'ஓ' என்று கத்தினார்கள். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் அரண்மனையைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஊருக்குத் திரும்பிய பின் ஸ்டோர் ரூம் மதியத்தில் பூட்டியிருந்தது. அவர் சாப்பிட வீட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார். முட்டுவலிக்காரர், அந்த வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் வந்தார். ஒரு நாள் கேட்டில் மறித்து, "சாப்பிட வாங்க அண்ணாச்சி" என்றேன். "அதான் எல்லாத்தையும் பாத்தாச்சே தம்பி, இனி பேசுறதுக்கு என்ன இருக்கு?" என்றார். குரலில் கோபம் இல்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். பல தடவை போன ஊர்தான், கோயிலோடு திரும்பிவிடுவேன். அன்று மஹாலுக்குள் போனேன். கேஸ்கட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிய மனிதர்கள் தரையில் காத்திருந்தார்கள். தூண்களின் பருமனைப் பார்த்தேன். யாரும் பார்க்காதபோது ஒன்றில் கன்னத்தை வைத்தேன். அவர் சொன்ன குளிர்ச்சி. தலைக்கு மேல் சுதை வேலைப்பாடு, அந்த இருட்டில் புறாக்களின் முனகல். அவர் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக நான் மதியம்தோறும் உட்கார்ந்திருந்த ராஜ சபை டவுன் பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது. பகல் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் இருந்தது.

இதை அவரிடம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். மறுநாள் ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். "அண்ணாச்சி, நேத்து மஹாலுக்குப் போயிருந்தேன். தூணு, புறா, எல்லாம் நீங்க சொன்னபடியே அப்படியே இருக்கு" என்றேன். பேரிங் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"சரிபாக்கப் போனீயளாக்கும்?" என்றார்.

இல்லை என்றேன். வாழ்நாள் முழுவதும் சரிபார்த்தே பிழைத்தவன் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் மறுபடி பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். நான் டைம் ஆபீசுக்குத் திரும்பினேன்.

மார்ச் கடைசியில் ஓய்வு பெற்றார். மாலை போட்டபோது என்னையும் கும்பிட்டார், மற்ற எல்லோரையும் கும்பிட்டது போலவே. அடுத்த வாரம் கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். ஆபீஸ் பையன் என் மேஜையில் ஒரு கவரை வைத்தான், ஸ்டோர்கீப்பர் கொடுக்கச் சொன்னதாக. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. டூர் பஸ்ஸில் அவருடைய சீட்டுக்கு நான் கட்டிய பணம் சில்லறை பிசகாமல் இருந்தது. ஐந்து வருஷம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தது; அதுவும் காரியம் முடிந்த பிறகு.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. மெஸ் கைமாறிவிட்டது. சோறு பொட்டலத்தில் வருகிறது. டிவியைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். யாராவது மைசூருக்குப் போனீர்களா என்று கேட்டால் போயிருக்கிறேன் என்பேன். எப்படி இருக்கும் என்று கேட்டால், அதிகம் சொல்வதில்லை. அவர் திருப்பிக் கொடுத்ததைக் கழித்துவிட்டால், என் சீட்டு, நுழைவுக் கட்டணம், செருப்பு டோக்கன் எல்லாம் சேர்த்து அந்தப் பயணத்தில் எனக்கு ஆன செலவு முந்நூற்று அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது பைசா.