கருப்புத் திரையில் மஞ்சள் எழுத்து

போன வாரம் அலுவலகத்தில் புது மடிக்கணினி கொடுத்தார்கள். முதல் வேலையாகப் பின்னணிப் படத்தை மாற்றப் போனேன். அதற்கு எனக்கு அனுமதியில்லை என்று சொல்லிவிட்டது. கோபம் வர வேண்டிய இடம். எனக்கோ சிரிப்பு வந்தது. இந்த ஆசைக்காக ஒரு காலத்தில் நான் வாங்கிய திட்டு கொஞ்சமா?

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகும் சாலையில் ஒரு டி.டி.பி. கடை. நான் முதன்முதலில் சம்பளம் வாங்கிய இடம். மனு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடித்துக் கொடுப்போம். சன்னலைத் திறந்தால் நசுங்கிய தக்காளியின் புளிப்பு வாசம். மூடினால் அந்தக் கொழுத்த மானிட்டர்களில் சூடேறிய தூசியின் வாசம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அது ஆபீஸ் வாசம் என்று ஒரு பெருமை.

கை சும்மா இருந்தால் போதும், கணினிக்கு அலங்காரம் தொடங்கிவிடுவேன். மவுஸ் அம்பு குதிரையாக ஓடும். மெனு எல்லாம் ரோஸ் நிறம். ஒருமுறை கடை ஓனரின் கணினித் திரை முழுக்க ஒகேனக்கல் அருவியை வைத்தேன். அவருடைய கோப்புகளெல்லாம் வெள்ளை நுரைக்குள் மறைந்துபோய், மனிதர் அரை மணி நேரம் தேடினார். அன்றிலிருந்து, சிஸ்டத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. யாரும் என்றால் நான்தான்.

என் பக்கத்து இருக்கை ஸ்டெல்லா அக்காவுடையது. பாப்பாரப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். தட்டச்சு முறையாகப் படித்தவர். விரல்கள் தானாக ஓடும். ஆனால் சிறு வயதிலிருந்தே அவருக்கு வெளிச்சம் கூசும். காகிதத்தைப் படிப்பதில் சிக்கல் இல்லை. வெள்ளைத் திரையை நிமிர்ந்து பார்த்தால்தான் கண்ணில் தண்ணீர் கொட்டும். அதனால் அடித்ததைச் சரிபார்க்க மாட்டார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் குமார் குமர் ஆகிவிட்டார். அச்சடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் கடைக்கே வந்து கத்திவிட்டுப் போனார்கள். அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று ஓனர் சொல்லிவிட்டார்.

அக்கா அழவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இத வுட்டா தக்காளி பறிக்கத்தான் போவணும். அந்த வெயில்ல நின்னா எனக்கு இருக்கற கண்ணும் போயிடும்."

நானும் என் டப்பாவை மூடினேன். குதிரையும் ரோஸும் வைக்கத் தெரிந்தவளுக்கு இதற்கு வழி தெரியாதா என்று தோன்றியது. மறுநாள் ஓனர் வருவதற்கு முன்பே அக்காவின் கணினியைத் திறந்தேன். பின்னணி கருப்பு. எழுத்து மஞ்சள், இரண்டு மடங்கு பெரிதாக. ஒவ்வொரு பட்டையாக, ஒவ்வொரு மூலையாக வெள்ளையைத் துரத்தினேன். அம்பையும் தடிமனாக்கினேன். அக்கா வந்து உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டே தலையைத் தூக்கினார். பிறகு சுருக்கம் மெல்ல விரிந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

ஓனர் உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாங்க இது, மானிட்டரு போயிடுச்சா?"

"இல்லீங்க சார். அக்காவுக்குக் கண்ணு கூசாம இருக்க நாந்தான் மாத்தினேன்."

பழையபடி மாற்றச் சொன்னார். அவரை எதிர்த்து அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இன்னிக்கு ஒரு நாளு வுடுங்க சார். ஒரு தப்பு இருந்தாலும் நானே மாத்திடறேன்."

அவர் தன் மேசைக்குப் போனார். ஒரு மாதா கோயில் திருவிழா மலருக்கான கையெழுத்துக் கட்டைத் தூக்கி அக்காவின் மேசையில் வைத்தார். கடையிலேயே கடினமான வேலை அது. எழுதியவர் ஒவ்வொருவரின் கிறுக்கலும் ஒரு தினுசு. அக்கா அடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து, வரி வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் தானே பிழையைப் பிடித்துத் திருத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் சிரிப்பு.

மாலையில் ஓனர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாங்கள் அந்தப் பேனாவையே பார்த்தோம். கடைசிப் பக்கம் வந்தது. பேனாவைத் திறக்காமலே சட்டைப் பையில் செருகினார். அக்காவிடம் திங்கட்கிழமை சீக்கிரம் வரச் சொன்னார், வேலை நிறைய இருக்கிறதாம். பிறகு என் பக்கம் வந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "என்னுதுலயும் எழுத்தக் கொஞ்சம் பெருசு பண்ணித் தர்றீங்களா?" என்றார்.

அந்த மாதத்துக்குள் கடையில் இருந்த எல்லாக் கணினிகளும் கருப்பும் மஞ்சளுமாகிவிட்டன. அதற்கு மேல் என் கையைத் தடுக்க ஆளில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள்கூட வந்து கேட்டுச் செய்துகொண்டு போனார்கள். நான் தரையில் நடந்திருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்?

கடையையே மூடிவிட்ட நாள் வரைக்கும் ஸ்டெல்லா அக்கா அங்கேதான் வேலை பார்த்தார். இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். தக்காளி வாசம் மட்டும் இருக்கிறது. திரையின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக நிறம் பூசவிட்ட அந்தப் பழைய செட்டிங்ஸ் பெட்டியும் இன்றைய கணினிகளில் இல்லை. அதில் நிறக் கலவைகளுக்கு ரோஜா, கத்தரிக்காய், கோதுமை என்றெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் இருக்கும். நாம் செய்ததற்கும் ஒரு பெயர் வைத்துச் சேமிக்கலாம். எங்கள் கடைக் கணினிகள் பழைய இரும்புக்குப் போன நாள்வரை, அந்த வரிசையில் ரோஜாவுக்கும் கோதுமைக்கும் நடுவே ஸ்டெல்லா இருந்தார்.