‘எங்கடி போற?’ என்று கேட்ட கிளி

என் அப்பா கடவுளுக்குப் பயந்தாரோ இல்லையோ, சகுனத்துக்குப் பயந்தார். வெளியே கிளம்பும்போது யாரும் அவரை “எங்க போறீங்க?” என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். திரும்பி உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். மூன்று முறை கேட்டுவிட்டால் அன்றைக்குப் பயணமே கிடையாது. திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். எதிர்வீட்டு அம்மா அவர் தலையைப் பார்த்தாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்.

கிளிக்கு மட்டும் தெரியாது.

அது தொண்ணூற்று நான்கில் எங்களிடம் வந்தது. பின்பக்கத்து மொட்டைத் தென்னை காற்றில் சாய்ந்தபோது பொந்திலிருந்து விழுந்த குஞ்சு. இறகுகூட முளைக்காத அதற்குக் கேப்பைக் கூழை விரல் நுனியில் வைத்து ஊட்டி வளர்த்தவள் நான். அப்புறம் கொய்யா, பச்சை மிளகாய், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை. ஒரு கால் வளைந்தே போயிற்று, பறக்கவும் சரியாக வரவில்லை. வாய் மட்டும் நன்றாக வந்தது. முதலில் ஒரு செருமல், பிறகு “எங்கடி போற?”

வாசல் கேட்டின் கொக்கிச் சத்தம் காதில் விழுந்தால் போதும், கேட்டுவிடும். அப்பாவுக்கு விழுப்புரத்தில் வேலை. காலை பாசஞ்சரில் போவார். சாப்பாட்டுப் பையோடு கொக்கியில் கை வைத்தால், “க்கும். எங்கடி போற?” திரும்பி வருவார், உட்காருவார், தண்ணீர் குடிப்பார். அதற்குள் ரயில் மயிலத்தைத் தாண்டியிருக்கும். தாமதத்துக்குக் காரணம் கேட்டால் அலுவலகத்தில் கிளியையா சொல்ல முடியும்?

“என்னையே டி போட்டுப் பேசுது. யார் சொல்லிக் குடுத்தது?” என்று என்னைத்தான் முறைப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வீட்டில் செருமிவிட்டு அப்படிக் கேட்கிற ஆள் ஒருவர்தான். நான் டைப் கிளாசுக்குக் கிளம்பினாலும் சரி, எதிர்வீட்டில் கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினாலும் சரி, நாற்காலியிலிருந்து அதே செருமல், அதே கேள்வி. அவருக்கு ஆகாத கேள்வி எனக்கு மட்டும் ஆகுமாம். கிளி அந்தக் குரலை அப்படியே பிடித்துவைத்திருந்தது. அம்மாவுக்கும் தெரியும், எதிர்வீட்டுக்கும் தெரியும். தெரியாதவர் அப்பா ஒருவர்தான். சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை.

“போய்ட்டு வாங்க” என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு படி மல்லாட்டை தீர்ந்தது. எல்லாவற்றையும் தின்றுவிட்டு என்னைப் பார்த்துச் செருமியது. கூண்டைத் துண்டால் மூடினேன். உள்ளேயிருந்து கேள்வி முன்னைவிடக் கணீரென்று வந்தது.

ஒரே வாரத்தில் மூன்று நாள் ரயிலைத் தவறவிட்டதும் அப்பா முடிவெடுத்துவிட்டார். ஒலக்கூரில் இருக்கும் சிநேகிதரிடம் கிளியைக் கொடுத்துவிடுவது. அந்த வீட்டில் இரண்டு பூனைகள். “அதான் கூண்டு இருக்குது இல்ல” என்றார். சனிக்கிழமை முழுக்க அழுதேன், சோறு வேண்டாம் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொக்கியைத் தூக்கினார். அவர் கையிலிருந்தபடியே கிளி கேட்டது.

“க்கும். எங்கடி போற?”

அப்பா நின்றார். சட்டம் அவர் போட்டதாயிற்றே. திரும்பி வந்து, கூண்டை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். மறுபடி கிளம்பினார், மறுபடி கேட்டது. இரண்டாவது சொம்பை நீட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டுதான் சிரிப்பை அடக்கினேன். மூன்றாவது முறை கொக்கியைச் சத்தமே வராமல் தூக்கினார். கிளி பேசாமல் இருந்தது. அவருக்குப் பின்னால் நின்று லேசாகச் செருமினேன். மீதியைக் கிளி பார்த்துக்கொண்டது.

அப்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “யார்தான் இதுக்கு இப்படிக் கேக்கக் கத்துக் குடுத்தது?”

அம்மா அடுப்படியிலிருந்து நிதானமாகச் சொன்னாள். “அது உங்க கொரல்தாங்க. பொண்ணு செருப்பு மாட்டும்போதெல்லாம் கேட்டுக்கினே இருந்தீங்கன்னா, அது வேற என்னாத்த கத்துக்கும்?”

அப்பா கிளியைப் பார்த்தார். கிளி செருமியது. பிறகு அவரே கூண்டைக் கொண்டுபோய்ப் பழைய ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டைப் கிளாசுக்குக் கிளம்பினேன். அப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் கொக்கியில் கை வைத்தேன். கிளி கேட்டது.

நான் திரும்பி உள்ளே வந்தேன். அவருக்கு எதிரே உட்கார்ந்து, “ஒரு சொம்பு தண்ணி” என்றேன்.

அப்பா எழுந்துபோய்க் கொண்டுவந்து கொடுத்தார்.