சமன்

1. இன்று சிட்னியில், செவன் ஹில்ஸ் வீட்டில் அலுமாரிக்கு அளவெடுத்தேன். இரும்பு நாடா சடக்கென்று சுருண்டது.
2. அதே சத்தத்தை மெல்பேர்ன் டண்டினொங்கில், என் பன்னிரண்டாவது பிறந்தநாளில் கேட்டிருக்கிறேன்.
3. அந்த வருடம் நான் மளமளவென்று வளர்ந்தேன். இரண்டு வயது மூத்த அக்கா வளரவில்லை.

"இவதானே மூத்தவ?" என்று கோயிலில் ஒரு அன்ரி என்னைக் காட்டிக் கேட்டதிலிருந்து, அக்கா என் பக்கத்தில் நடப்பதையே நிறுத்தியிருந்தாள்.

அம்மா எங்களை முதுகோடு முதுகு நிறுத்தி நாடாவை இழுத்தார். குளித்த ஈரம் காயாத அக்காவின் பின்னல் என் முதுகில் குளிர்ந்தது.

"குதிக்காலைத் தூக்காதையடி!"

"தூக்கேல்லை அம்மா," என்றாள் அக்கா.

நீளப் பாவாடைக்குள் நான் முழங்காலை மெதுவாக மடித்தேன்.

"ரெண்டு பேரும் சமன்," என்றார் அம்மா.

என் முதுகு சறுக்கியதை அக்கா உணர்ந்திருக்க வேண்டும். அவள் கை பின்னால் வந்து என் விரல்களை இறுக்கிப் பிடித்தது.

இப்போது அவள் மெல்பேர்னில், நான் சிட்னியில். நான் அவளைவிட நான்கு அங்குலம் உயரம். அப்படி முதுகோடு முதுகு நாங்கள் பிறகு நின்றதில்லை.